காற்று நின்றதும் கதவைத் திறக்காதீங்க

"புயலின் மையம்போல மனசை அமைதியா வெச்சுக்கணும்" என்று பலரும் பகிர்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த அமைதியை நம்பித்தான் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

மதுரைக்காரர்களான நமக்குப் புயலின் கண், அதாவது நடுவில் காற்று அடங்கிக் கிடக்கும் வட்டம், பழக்கமில்லை. வங்கக்கடலில் கிளம்புவது நம்மூர் வருவதற்குள் பலம் குறைந்து மழையாகிவிடும். கடலோரத்து ஆட்களைக் கேட்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம் பக்கம் இருக்கும் என் சித்தி, திடீரென்று சத்தம் அடங்கியதும் மாட்டைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். "போகாத, இன்னும் பாதி இருக்கு" என்று மாமியார் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாராம். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது காற்று. முதல் பாதியில் வேர் ஆட்டம் கண்டு நின்ற தென்னைகள் அப்போதுதான் சாய்ந்தன.

கண் பொதுவாக 30 முதல் 65 கிலோமீட்டர் அகலம் இருக்கும். உள்ளே காற்று மேலிருந்து இறங்குவதால் மேகம் கலைந்து வானம்கூடத் தெரியும். புயலின் உச்ச வேகம் அதைச் சுற்றி நிற்கும் மேகச்சுவரில்தான். நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மேற்கு நோக்கி வரும் புயலில் முதலில் வடகாற்று, கண் கடந்ததும் தென்காற்று. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயலின்போது சென்னையும் இதைப் பார்த்தது.

ஊர்ச் சண்டையிலும் இதே கதைதான். மேலூர்ப் பக்கம் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யாருக்குப் பரிவட்டம் என்று இரண்டு கரைக்காரர்களுக்குள், அதாவது ஊரின் இரண்டு வகையறாக்களுக்குள், முட்டிக்கொள்ளும். தாசில்தார் தலைமையில் சமாதானக் கூட்டம் நடக்கும், கையெழுத்தாகும், டீ வரும். பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊர் அமைதியாகிவிட்டது என்று எல்லோரும் நம்புவோம். ஆனால் கூட்டத்துக்குள் கூப்பிடப்படாத இளவட்டங்கள் வெளியே வேப்பமரத்தடியில் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த அடி அந்தத் திசையிலிருந்துதான் வரும். அதில் மண்டை உடைவது பெரும்பாலும் எந்தக் கையெழுத்திலும் சம்பந்தப்படாத, பால் வாங்கப் போன ஒருத்தருக்கு.

அதனால் கரைப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கையெழுத்தான அன்று ராத்திரியே உங்கள் பையன்களை உட்கார வைத்துப் பேசுங்கள். அதிகாரிகளே, சாமி கோயிலுக்குத் திரும்பும்வரை பந்தோபஸ்தை எடுக்காதீர்கள்.