ஏலத்தில் கேள்வியே கேட்காத ஆள்

ஆன்லைனில் பழைய வாட்ச் ஏலம் விடுகிற நண்பர்கள் சேர்ந்தாலே ஒரே புலம்பல்தான். "கிறுக்கனுங்களா வர்றானுங்க, என்னென்னமோ கேக்கறானுங்க, பிளாக் பண்ணிட்டேன்." எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடு இல்லை. கிறுக்குத்தனமாகக் கேட்டவர்களால் எனக்குத் தொந்தரவு வந்ததே இல்லை. தலைவலி எல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல், வாய் நிறைய சார் போட்டு, கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன் என்று வந்தவர்களால்தான்.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு நான் விற்பது பெரும்பாலும் கீ கொடுக்கும் எச்எம்டி, அப்புறம் நம்ம ஓசூரில் செய்த பழைய டைட்டன். எச்எம்டி ஜனதா ஒன்றை ஏலத்துக்குப் போட்டபோது ஒருவர், போனை வாட்ச் மேல் வைத்து அது ஓடுகிற சத்தத்தை அரை நிமிஷம் பதிவு செய்து அனுப்புங்கள், போட்டோ எல்லாம் வேண்டாம் என்றார். கூட இருந்த நண்பர், யாரோ விளையாடுகிறான், விடு என்றார். நான் அனுப்பினேன். விஷயம் என்னவென்றால், அந்த மெஷின் மணிக்கு 18,000 தடவை, அதாவது நொடிக்கு 5 தடவை துடிக்க வேண்டும், அந்தச் சத்தத்தை வைத்தே வாட்ச் ஒரு நாளைக்கு எத்தனை நொடி முந்தும், எத்தனை நொடி பிந்தும் என்று சொல்லிவிடும் ஆப் போனிலேயே இருக்கிறது. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, முள்ளை மாற்றி, பளபளவென்று போட்டோ எடுத்து யாரையும் ஏமாற்றலாம், சத்தத்தில் முடியாது. மனிதர் கேட்டது அவ்வளவுதான், ஏலம் முடிந்த அன்று சாயங்காலமே பணம் வந்துவிட்டது. குந்தாரப்பள்ளி சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர், வாங்க வந்தவன் வாயைத் திறந்து பல் பார்க்கிறான் என்று கோபித்துக்கொள்வாரா?

இன்னொருவர் ஓடாத வாட்சுக்கு மட்டும்தான் ஏலம் கேட்பார், நன்றாக ஓடுவதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது, இனி உதிரி பாகம் வேண்டுமென்றால் செத்துப்போன வாட்சில் இருந்துதான் எடுத்தாக வேண்டும், அப்படியிருக்க இது எப்படிக் கிறுக்காகும்? ஈபே என்கிற ஆன்லைன் ஏலத் தளத்தின் கதையே இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1995-ல் அதைத் தொடங்கிய பியர் ஒமிடியார் உடைந்துபோன லேசர் பாயின்டர் ஒன்றை ஏலத்தில் போட, 14.83 டாலருக்குப் போனது. உடைஞ்சது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவரே விசாரிக்க, உடைந்த பாயின்டர்களைச் சேர்ப்பவன்தான் நான் என்று பதில் வந்ததாம். அவரும் பிளாக் பண்ணிவிட்டுப் போயிருக்கலாம்.

இப்போது அந்த நல்ல பிள்ளைகளைப் பார்ப்போம். வாட்ச் ஓடுமா, சர்வீஸ் ஆனதா, ஒன்றும் கேட்க மாட்டார்கள். ராணுவத்தில் இருக்கிறேன் சார், இதோ ஐடி கார்டு, பணம் அனுப்பிவிடுகிறேன், இந்த க்யூஆர் கோடை மட்டும் ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்பார்கள். யுபிஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, பின் போட்டால் நம் கணக்கில் இருந்துதான் போகும். யாராவது ஏமாந்திருந்தால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போடுங்கள்.

அந்த நம்பரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம்தான் ஞாபகம் வரும். சம்பந்தமில்லைதான், ஆனால் அதன் 64-வது பிரிவு முழுக்க ஏலத்தைப் பற்றியது. ஏலம் முடிந்ததென்று அறிவிக்கிற வரை கேட்டவர் கேட்ட விலையில் இருந்து பின்வாங்கலாம். ஆக, நடுவில் ஒருத்தர் வேண்டாம் என்று கழன்றுகொண்டால் கெட்ட வார்த்தையில் திட்ட நமக்கு உரிமை இல்லை. அதே பிரிவுதான், விற்கிறவர் பொய்யாக ஏலம் கேட்க வைத்து விலையை ஏற்றினால் வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யலாம் என்றும் சொல்கிறது. மச்சானை விட்டு விலை ஏற்றிக்கொண்டே வாங்குகிறவர்களைக் கிறுக்கன் என்கிற சிலருக்காக இதை எழுதுகிறேன், யாரென்று அவர்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு ரூபாயாக ஏற்றுகிறவருக்குக் குறைந்தது ஐம்பது என்று முதலிலேயே போட்டுவிடுங்கள், கடைசி நொடியில் வந்து குதிக்கிறவருக்காக ஐந்து நிமிஷம் நீட்டிக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், ஜெயித்தவர் ஒரு நாளுக்குள் பணம் போடவில்லையென்றால் இரண்டாவது ஆளிடம் போங்கள். இதையெல்லாம் ஏலம் ஆரம்பிக்கும் முன்பே எழுதிப் போட்டால் பாதிச் சண்டை வராது.

போன வாரம் ஜெயித்தவர் முழுப் பணத்தையும் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை மட்டும் அனுப்பிடாதீங்க, புதன்கிழமை ராகு காலம் ஆரம்பிக்கறதுக்குள்ள போஸ்ட் பண்ணிடுங்க என்றார். பணம் வந்தாச்சு, இனி அது அவர் வாட்ச், அவர் நல்ல நேரம். புதன்கிழமை காலையில் பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஸ்பீட் போஸ்ட்டில் போட்டு ரசீதை அனுப்பிவிட்டேன்.