அரை ஏழு என்றால் மூன்றரை இல்லை, மாஸ்டர்

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் வீடியோவை எடுத்து, அவள் பேசும் இங்கிலீஷைக் கேலி செய்து ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டர் போட்ட அந்த ரீலைப் பார்க்காதவர்கள் என் நட்பு வட்டத்தில் இனி யாரும் இருக்க வாய்ப்பில்லை. இன்பாக்ஸிலேயே அத்தனை பேர் அனுப்பியிருக்கிறீர்கள். "அக்கா, உங்க ஊர்ல வேலை பாக்குற நர்ஸாம், பாருங்களேன்" என்று எழுதி, கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை. பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுப் பார்த்தேன், அதுவும் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் "ஹாஃப் செவன்". ஷிஃப்ட் ஹாஃப் செவனுக்கு முடியும் என்று அந்தத் தங்கச்சி சொன்னாள். ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டர் உடனே கால்குலேட்டரை எடுத்து, ஏழை இரண்டால் வகுத்து, "அப்போ மூணரைக்கே வீட்டுக்குப் போயிடுவீங்களா மேடம்?" என்று கண்ணடித்தார். பின்னணியில் அந்த 'டொய்ங்' சத்தம் வேறு. ஐயா, இங்கிலாந்தில் ஹாஃப் செவன் என்றால் ஏழரை. 'ஹாஃப் பாஸ்ட் செவன்' என்பதில் நடுவில் இருப்பதை விழுங்கிவிடுவார்கள், அவ்வளவுதான். பஸ் டிரைவரும் அப்படித்தான் சொல்கிறார், பெரிய டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார். எங்கள் மருந்தகத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்த பெண் ஒருத்திக்கு மட்டும் தொடக்கத்தில் குழப்பம், ஏனென்றால் அவர்கள் மொழியில் 'அரை ஏழு' என்றால் ஆறரை. அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கால்குலேட்டர் எடுக்கவில்லை.

அப்புறம் "டீ". ஆறு மணிக்கு டீக்கு மீனும் சிப்ஸும் சாப்பிட்டேன் என்றாளாம். "டீயைக் குடிக்கணும் மேடம், சாப்பிடக் கூடாது." வட இங்கிலாந்திலும் இங்கே மிட்லண்ட்ஸிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கே டீ என்றுதான் பேர். "டீக்கு என்ன?" என்று பிள்ளைகள் அம்மாவிடம் கேட்பது ராத்திரிக்கு என்ன சமையல் என்று. அவர்கள் சிப்ஸ் என்பது அமெரிக்காவில் ஃப்ரைஸ், அமெரிக்காவின் சிப்ஸ் இங்கே கிரிஸ்ப்ஸ். இந்த அளவுகூடத் தெரியாமல் இத்தனை பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார்.

எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது மூன்றாவதில்தான். ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும்போது அவள் குரலே இறங்கிவிட்டது: "ஷி வாஸ் வெரி புவர்லி." மாஸ்டருக்கு இது இலக்கணப் பிழை. 'புவர்லி' வினையை விவரிக்கும் சொல்லாம், ஆளைச் சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாதாம். மாஸ்டர், இங்கே ஒரு வார்டில் 'வெரி புவர்லி' என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நிலைமை மோசம், வீட்டாருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று அர்த்தம். நோயாளியின் மகளிடம் 'க்ரிட்டிக்கல்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல முடியாத இடத்தில் நர்ஸுகள் மெல்ல எடுக்கும் சொல் அது. அதை அந்தப் பெண் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதற்குத்தான் நீங்கள் 'டொய்ங்' போட்டீர்கள்.

சொல்ல வந்தது இவ்வளவுதான். வேற ஊர் இங்கிலீஷ் தப்பு இங்கிலீஷ் ஆகாது. உங்களுக்குத் தெரிந்தது அமெரிக்க இங்கிலீஷ். அதுவும் நெட்ஃபிளிக்ஸ் அளவுக்கு. அது ஒரு ஊர் வழக்கு. அவள் பேசுவது இன்னொரு ஊர் வழக்கு. யாழ்ப்பாணத்துக்காரர் "கதைப்பம்" என்றால் தப்பான தமிழ் பேசுகிறார் என்று ரீல் போடுவீர்களா? (போடுவீர்கள் என்றே நினைக்கிறேன்.)

இதே மாஸ்டர் போன மாதம் 'ஸ்டைலா பேசணுமா' என்று சில அமெரிக்கச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். அதில் இடுப்பில் கட்டும் சின்னப் பைக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் பேரும் ஒன்று. அதை எங்கள் வார்டில் வாய்விட்டுச் சொன்னால் சிஸ்டர் முகம் சிவந்துவிடும். இங்கே அந்தப் பேரின் முதல் சொல் பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சை. அதே பைக்கு இங்கே பம் பேக். 'பேன்ட்ஸ்' கதையும் இதுதான். அமெரிக்காவில் கால்சட்டை, இங்கே உள்ளாடை. லண்டன் ஆபீஸில் ஒருவரிடம் "உங்க பேன்ட்ஸ் நல்லா இருக்கு" என்று பாராட்டிப் பாருங்கள். 'பிஸ்ட்' என்றால் அங்கே கோபத்தில் இருக்கிறார், இங்கே குடித்திருக்கிறார். அதற்காக எந்த அமெரிக்கரையும் நாங்கள் வீடியோ போட்டுக் கேலி செய்யவில்லை.

சுருக்கங்கள் பற்றி இன்னும் ஜோர். 'ஓஎம்ஜி' மாதிரி அமெரிக்கச் சுருக்கங்களைப் பழகுங்கள் என்று அதே வீடியோவில் அறிவுரை. அந்த ஓஎம்ஜி எங்கே முதலில் எழுதப்பட்டதாகக் கிடைத்திருக்கிறது தெரியுமா? 1917இல், பிரிட்டிஷ் கடற்படையின் கிழட்டு அட்மிரல் ஃபிஷர், சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில். விரிவாக்கத்தையும் அவரே பக்கத்தில் எழுதியிருக்கிறார். 'சாக்கர்' அமெரிக்கச் சொல் என்றும் சொன்னார். அது 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்பதை 19ஆம் நூற்றாண்டு முடிவில் இங்கிலாந்து மாணவர்கள் செல்லமாகச் சுருக்கியது. ரக்பிக்கு 'ரக்கர்', இதற்கு 'சாக்கர்'. இங்கே நாள் முழுக்கச் சொல்லும் 'ஓகே'தான் அசல் அமெரிக்கச் சரக்கு. 1839இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில், 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி அதைச் சுருக்கிய விளையாட்டு. அங்கே பிறந்ததை இங்கே பேசுகிறார்கள், இங்கே பிறந்ததை அங்கே பேசுகிறார்கள். நடுவில் நம்மாள் மட்டும் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறார்.

டேவிட் கேமரன் பிரிட்டனில் பிரதமராக இருந்தவர். ஒரு பத்திரிகை நிர்வாகிக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளில் 'எல்ஓஎல்' என்று முடித்திருக்கிறார், அது 'வாய்விட்டுச் சிரிக்கிறேன்' என்பதன் சுருக்கம் என்று தெரியாமல், 'நிறைய அன்புடன்' என்று நினைத்து. 2012 விசாரணையில் அந்த அம்மாவே சொல்லி ஊரே சிரித்தது. சரி, சிரிக்கட்டும், அவர் பிரதமர், தாங்குவார். என் தங்கச்சி தாங்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

நியூஜெர்சியில் சில வருடம் இருந்தோம். அங்கே மேனேஜர் அனுப்பிய மெயில் ஒன்றின் தலைப்பில் 'பிடிஓ' என்று இருந்தது. சென்னையிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவன் அந்த மெயிலைக் கீழே தள்ளித் தள்ளி அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தான். தேடாமல் என்ன செய்வான்? பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வினாத்தாளின் கீழும் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அமெரிக்காவில் அது சம்பளத்தோடு கூடிய விடுப்பு. மேனேஜர் லீவு என்று அறிவித்திருக்கிறார். என் வீட்டுக்காரர் சொல்லிப் புரியவைத்தார். சிரித்தோம், அவனும் சேர்ந்து சிரித்தான். அவனை வீடியோ எடுக்கவில்லை, பாருங்கள், அதுதான் வித்தியாசம்.

அப்பா அங்கே வந்திருந்தபோது காய்ச்சல். மருந்துக் கடையில் "பாரசிட்டமால்" என்று கேட்டார். கவுன்டரில் இருந்த பையனுக்குப் புரியவில்லை. அவர்களுக்கு அது அசிட்டமினோஃபென். அப்பா நாற்பது வருட அரசாங்க உத்தியோகத்தின் மிடுக்கோடு எழுத்துக்கூட்டிச் சொன்னார். அந்தப் பையன் உதட்டைப் பிதுக்கவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஓ, இதுவா சார்" என்று எடுத்துக் கொடுத்தான். என் வேலையில் தினமும் இதுதான். இங்கே அட்ரினலின், அங்கே எபிநெஃப்ரின். இங்கே சால்பியூடமால், அங்கே ஆல்பியூடரால். அவசர சிகிச்சைப் பிரிவு இங்கே 'ஏ அண்ட் ஈ', அங்கே 'ஈஆர்'. நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்துக்கு நாங்கள் 'டிடிஓ' என்போம். வார்டிலிருந்து வரும் போன் எல்லாமே "டிடிஓ ரெடியா?" என்றுதான் ஆரம்பிக்கும். அமெரிக்காவில் பழகிய நர்ஸ் இதைக் கேட்டு விழித்தால் அவர் மோசமான நர்ஸா? வேற ஊர், அவ்வளவுதான். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள், திரும்பத் திரும்பச் சொன்னாலும் ஏறாத மண்டைகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு.

"அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்." நல்லதுக்குச் சொல்பவர் தனியாகச் சொல்வார்.

"படிக்கிற பசங்க குழம்பிடுவாங்களே, ஒரே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தா என்ன?" இது நியாயமான கேள்வி. வெளிநாடு போக எழுதும் ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்விலேயே இரண்டு நாட்டு எழுத்துக்கூட்டலையும் ஏற்கிறார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே எழுது என்று சொல்லிக்கொடுக்கலாம். மற்றதைக் கேலி செய் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"உங்களுக்கு இன்னும் வெள்ளைக்காரன் மோகம் போகல." அட, இது யார் சொல்வது? கார் டயர் பஞ்சரானால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? ஸ்டெப்னி. அது வேல்ஸில் லானெல்லி என்ற ஊரில் உள்ள ஒரு தெருவின் பேர். 1900களின் தொடக்கத்தில் உபரிச் சக்கரம் செய்த கம்பெனி அந்தத் தெருப் பேரை வைத்துக்கொண்டது. இன்றைக்கு லண்டன் மெக்கானிக்குக்கும் புரியாது, டல்லாஸ் மெக்கானிக்குக்கும் புரியாது. மதுரையில் டீக்கடைப் பையனுக்குப் புரியும். மாஸ்டர் அந்த ஸ்டெப்னியை எங்கே வைத்திருக்கிறார்? டிக்கியில். அதுவும் பழைய பிரிட்டிஷ் சொல்தான், அமெரிக்கா போய் டிக்கியைத் திற என்றால் என்ன ஆகும் என்று நான் எழுத மாட்டேன். இப்படித் தலைமுதல் கால்வரை பழைய பிரிட்டிஷ் சொல்லைச் சுமந்துகொண்டு நடப்பவர்கள்தான் எனக்கு மோகம் என்கிறீர்கள்.

"இவ்வளவு சின்ன விசயத்துக்கா இவ்வளவு பெரிய பதிவு?" 1951 ஏப்ரலில் கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் குளோஸ்டர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி கேட்டதற்கு, பிரிட்டிஷ் பிரிகேடியர் "கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது" என்கிற மாதிரி சொன்னாராம். இங்கிலாந்துக்காரர் அப்படிச் சொன்னால் செத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அமெரிக்கருக்கு, சமாளித்துக்கொள்வார்கள் என்று பட்டது. பின்வாங்கும் உத்தரவு உரிய நேரத்தில் வரவில்லை. அந்தப் பிரிவில் 500க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். சின்ன விசயம்தான்.

"ஆனா 'மீ டக்' எல்லாம் ஓவரா இல்லையா?" இதைக் கேட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு என்பதால் வலிக்கிறது. நோயாளிகள் தன்னை 'மீ டக்' என்று கூப்பிடுகிறார்கள் என்று அவள் முகம் மலரச் சொன்னாள். கீழே நம் மக்கள் எழுதியது: "வாத்துன்னு கூப்பிடுறான், இதுல பெருமை வேற", "நம்ம பொண்ணுங்களுக்குச் சூடு சொரணை இல்ல." டெர்பி, நாட்டிங்ஹாம் பக்கம் யாரை வேண்டுமானாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆண் பெண் பார்ப்பதில்லை. ஆறடி உயரப் போலீஸ்காரரும் டக்தான். எங்கள் மருந்தக ஜன்னலுக்கு வரும் ஒரு தாத்தா, சீட்டை நீட்டி, "எனக்கு அவசரம் இல்ல, மீ டக், நீ டீயைக் குடிச்சிட்டு வா" என்பார். கண்ணு என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கூப்பிடுகிற அதே குரல். அதே அன்பை வாங்கிக்கொண்டு வந்து அவள் நம்மிடம் காட்டினாள். நாம் அதற்குச் சாயம் பூசி அனுப்பினோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கொதிக்கிறது என்று கேட்பீர்கள். நான் தமிழ் மீடியம். காலேஜ் லேபில், திரவத்தை அளந்து எடுக்கும் குழாயை 'பிபெட்' என்று சொன்னேன். கான்வென்ட்டில் படித்த ஒருத்தி, "இட்ஸ் பைபெட்" என்று சொல்லிச் சிரித்தாள். கூட இருந்த எல்லாரும் சிரித்தார்கள், சொல்லிக்கொடுத்தவரும் சிரித்தார். அதற்கப்புறம் அந்த லேபில் நான் சந்தேகம் கேட்டதே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூட வாய் வராது. இங்கிலாந்து வந்து, மருந்தகத்தில் முதல் வாரம் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சாதாரணமாக "அந்த பிபெட்டை எடு" என்றபோது எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இங்கே பிபெட்தான். பைபெட் அமெரிக்க உச்சரிப்பு. அந்தச் சிரிப்பை யார் திருப்பித் தருவது?

அதனால் மாஸ்டர், பிரிட்டிஷா அமெரிக்காவா என்பதே இங்கே விசயம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. கான்வென்ட் பெண்கள் யாராவது அதே ஹாஃப் செவனைச் சொல்லியிருந்தால், "வாவ், லண்டன் ஸ்லாங்" என்று பாடம் எடுத்திருப்பீர்கள். கிராமத்துப் பெண், கறுப்பு முகம், தென்காசிப் பக்கத்து இழுவை, அதனால்தான் தப்பாகத் தெரிந்தது. மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அவள் வீடியோவை எடுத்துவிட்டாள். கணக்கையே மூடிவிட்டாள் என்று கேள்வி. உங்கள் ரீல் மட்டும் இன்னும் இருக்கிறது, காலையில்கூடப் பார்த்தேன். எடுத்துவிடுங்கள். ஹாஃப் செவன் என்றால் ஏழரைதான் என்று இன்னொரு ரீல் போடுங்கள், 'டொய்ங்' இல்லாமல்.

இதற்குக் கீழே "ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும் மேடம்" என்று எழுத வருபவர்கள் தாராளமாக எழுதலாம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, வரிசையாக பிளாக் செய்கிறேன். ஹாஃப் எய்ட்டுக்கு வருவேன். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.