மாமியாருக்கு மூன்று நாள்

போன வாரம் ஒரு விருந்தில் உறவினர் ஒருவர் கேட்டார்: "இந்தக் காலத்தில் போய் மூன்று நாள் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்துத் தாளம் தட்டிக்கொண்டிருந்தீர்களாமே?" கேட்டவர் சீனர், என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நான் தமிழச்சி. தாவோ முறைச் சாவுக்காக அவரிடம் நான் வாதாட வேண்டியிருந்ததுதான் வேடிக்கை. சோறு ஆறிப்போகும் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். இன்று நேரம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும்.

என் மாமியார் ஹொக்கியன்காரர், ஹொக்கியன் பேசும் சீனர். எனக்கு ஹொக்கியன் வராது, அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் வராது. 23 வருடம் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது பாசார் மலாயில்தான். என் அப்பா செம்பவாங் சந்தையில் மீன்காரரிடம் பேசிய அதே உடைந்த மலாய். சிங்கப்பூரில் ஒரு தலைமுறைக்கு அது போதுமானதாக இருந்தது. குழம்புக்கு உப்பு போதவில்லை என்பதிலிருந்து சாவு வரைக்கும் அதிலேயே பேசினோம். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "நாந்தி சாயா மாத்தி, லூ ஜாகா." நான் செத்தால் நீ பார்த்துக்கொள். பெற்ற பிள்ளைகள் மூன்று பேர் இருக்கும்போது என்னிடம் ஏன் சொன்னார் என்று அப்போது புரியவில்லை.

அவர் போன இரவில் புரிந்தது. மூத்த மகன் தேவாலயத்துக்குப் போகிறவர். கடைசி மகளுக்குச் சமயமே கிடையாது. நடுப்பிள்ளையான என் கணவர் சீனப் புத்தாண்டுக்கும், முன்னோர் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் செங் பெங்குக்கும் ஊதுபத்தி ஏற்றுவார், ஏன் என்று கேட்டால் தெரியாது என்பார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரில் தங்களைத் தாவோ சமயத்தினர் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 22 விழுக்காடு. 2020இல் அது 8.8. பெரியவர்கள் கும்பிட்டுக்கொண்டிருக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு பக்கம் போய்விட்டார்கள். சரி, அது அவரவர் விருப்பம். ஆனால் அந்தப் பெரியவர் கண்ணை மூடியதும் முடிவெடுக்க உட்காருகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தானே?

தாள் வேலையெல்லாம் இப்போது ஒன்றுமே இல்லை. மருத்துவர் சான்றளித்தவுடன் மரணம் தானாகப் பதிவாகிவிடுகிறது, சான்றிதழைக் கைப்பேசியிலேயே இறக்கிக்கொள்ளலாம். 2022 மே மாதத்திலிருந்து இப்படித்தான். அதனால் அதிகாலை நாலு மணிக்கே நாங்கள் மூன்று தரப்பாகச் சண்டை போட நேரம் கிடைத்துவிட்டது. மூத்தவர் ஒரே நாளில் எளிமையாக முடித்துவிடலாம் என்றார். நாத்தனார், சாம்பலைச் சுவா சூ காங்கில் 2021இல் திறந்த அந்தச் சாம்பல் தூவும் தோட்டத்தில் தூவிவிடலாம் என்றாள். அழகான இடம்தான். ஆனால் அங்கே எந்தச் சமயச் சடங்குக்கும் இடமில்லை, ஒரு ஊதுபத்தி கூட ஏற்ற முடியாது. காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன்னால் ஊதுபத்தி ஏற்றிய ஒரு பெண்மணிக்கு அந்த இடமா?

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். "மாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் என்று முடிவானது. ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள், மூன்று, ஐந்து, ஏழு என்று.

ஈமச்சேவைக்காரர் வந்தார். முதல் கேள்வி, எந்த மொழிக்குழு? ஹொக்கியன், தியோசூ, கேன்டனீஸ் ஒவ்வொன்றுக்கும் குருமாரும் சடங்கும் வேறு. கேன்டனீஸ் என்றால் நரகத்தின் கதவை உடைப்பதற்கு அடையாளமாகக் குரு வாளால் ஓடுகளை உடைப்பார். ஹொக்கியன் வீட்டுக்கு அவர்களுடைய குருவான சாய்கோங்தான் வர வேண்டும். இதைச் சொல்லிவிட்டோம். இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொண்டோம். சீனாவில் எந்த ஊர்? மேலுலகத்துக்குப் போகும் விண்ணப்பத்தைக் குரு வாய்விட்டுப் படிக்கும்போது பெயர், பிறந்த நேரம், இங்குள்ள முகவரி, பூர்வீக வட்டாரம் எல்லாம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் குடும்பத்து ஆள் என்று அங்கே எப்படித் தெரியும்? அர்ச்சனைத் தட்டை நீட்டினால் அர்ச்சகர் கோத்திரம் கேட்பாரே, அதே கதை.

மூன்று பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஃபூஜியன் என்று மாகாணம் வரைக்கும் தெரிகிறது, அதற்கு மேல் தெரியவில்லை. கடைசியில் ஒரு பழைய புகைப்படம் கைகொடுத்தது. மாமனாரை 1985இல் சுவா சூ காங்கில் புதைத்திருந்தார்கள். 1998இல் புதைகுழிக்கு 15 ஆண்டுதான் தவணை என்று ஆனபிறகு அவருடைய எலும்பையும் எடுத்து எரித்துச் சாம்பலை மாடத்தில் வைத்தாகிவிட்டது, கல்லறைக் கல் போய்விட்டது. ஆனால் ஏதோ ஒரு செங் பெங் அன்று என் கணவர் சிறுவனாக அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் இருந்தது. சீனக் கல்லறைக் கற்களில் பூர்வீக ஊரைப் பொறிப்பது வழக்கம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சாய்கோங்தான் படித்தார்: ஆன்சி. தேயிலைக்குப் பேர்போன வட்டாரம். மாமியார் காலமெல்லாம் அந்தத் தேயிலையைத்தான் குடித்திருக்கிறார், டப்பாவில் அதே ஊர்ப் பெயர். எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பேக்கேஜ் விலையை விசாரிக்கும் முன்னால் உயிரோடு இருக்கும் ஆளிடம் விசாரியுங்கள். எந்த ஊர், எந்தச் சாமி, எத்தனை நாள், எங்கே வைக்க வேண்டும், யார் பக்கத்தில். கேட்டால் மனம் வருந்துவார்கள் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். என் மாமியார் தன் படத்தையே தேர்ந்தெடுத்துச் சட்டம் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். கூடவே உடுத்த வேண்டிய துணியும் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். வீட்டுச் சாமிகளைச் சிவப்புத் தாளால் மூடினோம், கண்ணாடிகளையும் மூடினோம். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை ஒரு மலாய்க் கல்யாணம் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. நகர மன்றம் பக்கத்துப் புளோக்கைக் கொடுத்தது. கல்யாண வீட்டுக்காரர் தாமே வந்து, தங்கள் ஒலிபெருக்கியைக் குறைத்து வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கேட்கவே இல்லை.

எனக்கு வந்த சிக்கல் வேறு. சீனர் வீட்டுச் சாவில் சிவப்பு கூடாது. நான் நெற்றிக் குங்குமத்தை அழிக்கப் போனேன். என் அம்மா தொலைபேசியில் அலறினார்: "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பொட்டை அழிப்பாளா ஒருத்தி?" இந்தப் பக்கம் பொட்டு இருந்தால் குற்றம், அந்தப் பக்கம் இல்லாவிட்டால் குற்றம். கடைசியில் கறுப்பு ஒட்டுப்பொட்டு காப்பாற்றியது. தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் கறுப்புத் துணித்துண்டு, பேரப்பிள்ளைகளுக்கு நீலம். இறந்தது தாய் என்பதால் வலது கையில் குத்திக்கொள்ள வேண்டும், தந்தை என்றால் இடது. "ஹா" என்பார்கள் அந்தத் துண்டை.

வந்தவர்கள் வெள்ளை உறையில் பணம் தந்தார்கள். பெக் கிம். ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதினார், நம் மொய் எழுதுகிற மாதிரியேதான். தொகை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். நமக்குக் கல்யாணத்துக்கு 101, அவர்களுக்குச் சாவுக்கு 101. தெரியாமல் சீனக் கல்யாணத்தில் 101 வைத்துவிட்டு வந்த தமிழர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், பரவாயில்லை, மன்னித்திருப்பார்கள். என் சித்தப்பா செய்தது இன்னும் மேல். கிளம்பும்போது கொடுக்கும் சிவப்பு நூலை வீட்டுக்குள் நுழையும் முன் எறிந்துவிட வேண்டும். அவர் கோயில் கயிறு என்று நினைத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஒரு வாரம் அலைந்திருக்கிறார்.

இரண்டாம் நாள் இரவுதான் பெரிய சடங்கு, கோங் தெக். தாளம், மணி, ஊதுகுழல் என்று சத்தமோ சத்தம். பத்து மணிக்கு நிறுத்தினார்கள். அந்தச் சத்தத்தைத்தான் விருந்தில் கிண்டல் செய்தார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சாவு வீட்டில் எல்லாரும் குசுகுசுவென்று பேசி, பூங்கொத்து வைத்து, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவதுதான் நாகரிகம் என்று யார் சொன்னது? அந்த மூன்று நாளும் எங்களுக்கு உட்கார நேரமில்லை. கும்பிடு, எழுந்திரு, சுற்று, காகிதம் மடி, காப்பி கொடு, கச்சான் கொட்டையை நிரப்பு. இரவு முழுக்க யாராவது பெட்டிக்குப் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். பத்து வருடம் சரியாகப் பேசாத அண்ணனும் தங்கையும் அதிகாலை மூன்று மணிக்கு எதிரெதிரே உட்கார்ந்து காகிதப் பணம் மடித்ததை நான் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது, ஹொக்கியனில் பேசினார்கள்.

மூத்தவர் ஊதுபத்தி பிடிக்க மாட்டார் என்பது முன்பே தெரியும். யாரும் வற்புறுத்தவில்லை. அவர் தாயின் படத்தைத் தூக்கிக்கொண்டார், ஊதுபத்திக் கலயத்தை என் கணவர் தூக்கினார். நம்பாதவனும் சேர்ந்து நிற்க வழி இருக்கிறது, கொஞ்சம் இறங்கி வந்தால் போதும்.

அந்த இரவில் ஒரு சின்னப் பாலத்தை வைத்தார்கள். இறந்தவர் அந்த உலகத்துக்குக் கடந்து போகும் பாலம். சாய்கோங் மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் வரிசையாகப் பின்னால் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு முறையும் தண்ணீர்ப் பாத்திரத்தில் காசு போட வேண்டும், சுங்கக் காசு. பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: அம்மா, பாலம் வருகிறது, கடந்து வா. எல்லாரும் ஹொக்கியனில் சொன்னார்கள். என் முறை வந்தபோது எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். "மா, பெலான் பெலான்." மெதுவா, மெதுவா. குளியலறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகும்போது தினமும் சொன்னதுதான். சாய்கோங் ஒரு நொடி திரும்பிப் பார்த்தார், பிறகு மணியை ஆட்டினார்.

அந்த உலகத்தில் அவருக்கென்று காகித வீட்டை எரிக்கும்போது குடும்பம் முழுக்கச் சுற்றிலும் கயிறு பிடித்து நின்றது, வேறு ஆவிகள் வந்து வீட்டைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க. உள்ளே காகிதக் கார், வேலையாட்கள், கைப்பேசி, அதற்கு ஒரு சார்ஜர். சார்ஜர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. மாமியாருக்குக் கைப்பேசியில் பச்சைப் பொத்தான் எது என்றே கடைசி வரை தெரியாது. எல்லாம் சேர்த்து 9,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே ஆனது. வீடு பெரிசு வேண்டுமா என்று அந்தச் சேவைக்காரர் எங்களை அழுகைக்கு நடுவே கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் நாள் மண்டாய்த் தகனச்சாலை. என் அப்பா போனபோது நான் புளோக்குக்குக் கீழே நின்றுவிட்டேன், ஆண்கள் மட்டும்தான் போனார்கள். மாமியாருக்கு நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். மறுநாள் எலும்பு எடுக்கவும் போனேன். நீளமான குச்சிகளால் காலிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும், தலையெலும்பு கடைசியில், அப்போதுதான் கலயத்துக்குள் அவர் நேராக உட்கார்ந்திருப்பார். அப்பாவின் காடாற்றுக்குப் போய் வந்த தம்பியும் காலிலிருந்துதான் எடுத்தோம் என்று சொன்னான். என் கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற ஊழியர் ஒன்றும் சொல்லாமல் குச்சியைச் சரியாகப் பிடித்துக் காட்டினார்.

ஏழாம் நாள் இரவு அவர் வீட்டுக்கு வருவார் என்பார்கள். தரையில் மாவு தூவி வைத்தால் கால்தடம் தெரியுமாம். என் மகன் என் கோலமாவு டப்பாவைக் காலி செய்திருந்தான். காலையில் பார்த்தால் பல்லி ஓடிய தடம். நாத்தனார்தான், சமயமே இல்லாத நாத்தனார், அதைத் துடைக்க வேண்டாம் என்றாள். இரண்டு நாள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.

நூறாம் நாள் ஹாவைக் கழற்றி எரித்தோம். அன்று மாலை நான் அம்மா வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டேன், உனக்கு எப்படிச் செய்யணும் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தப்பு அடிக்கணும். அந்தப் பத்து மணிக் கணக்கெல்லாம் வேணாம், மன்றத்துல அபராதம் போட்டா உன் தம்பி கட்டட்டும்."