கொத்தனாரின் குழாய்

(உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில் வாகலிகா என்னும் குடிசைப்பகுதி. கொத்தனார் ஒருவரின் வாசலில், இதே பகுதியில் குறைந்த செலவில் எடுக்கப்படும் அதிரடிப் படங்களின் துணை நடிகர் ஒருவர், தோளில் டிவிடி பையுடன் வந்து நிற்கிறார்.)

துணை நடிகர்: ஐயா, நம் இயக்குநர் நப்வானாவையும், நியூயார்க்கிலிருந்து வந்து இங்கேயே தங்கி அவருடன் படமெடுத்த ஆலன் ஹாஃப்மேனிஸையும் பற்றி 2021-இல் வெளிவந்த ஆவணப்படத்தைப் பார்த்தீர்களாமே! அதில் நான் இருந்தேனா?

கொத்தனார்: உன்னை நான் கவனிக்கவில்லை, தம்பி. ஆனால் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த என் தண்ணீர்க் குழாய் அதில் இருந்தது. ஒருவன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பட்டாளத்தையே சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தான்.

துணை நடிகர்: அது இயந்திரத் துப்பாக்கி, ஐயா. பழைய இரும்பையும் மரக்கட்டையையும் பொருத்திச் செய்கிறோம். முனையில் சீறும் நெருப்பைப் பிறகு கணினியில் சேர்த்துக்கொள்வார்கள்.

கொத்தனார்: மரை தேய்ந்த முனையில் நான் சுற்றிவைத்த சிவப்புத் துணிகூட அவிழாமல் இருந்தது. நெருப்பைக் கணினியில் சேர்க்கத் தெரிந்தவர்கள் குழாயையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

துணை நடிகர்: 2010-இல் வந்த ‘கேப்டன் அலெக்ஸைக் கொன்றது யார்?’ படத்துக்கு 200 டாலருக்கும் குறைவாகத்தான் செலவானது என்கிறார்கள். செங்கல் அறுத்துச் சேர்த்த காசில் படமெடுக்க வந்த நம் இயக்குநர், உதிரி பாகங்களை வாங்கித் தாமே பூட்டிய கணினியில் இடம் போதாமல், அடுத்த படத்துக்காக அந்தப் படத்தின் மூலப் பிரதியையே அழித்துவிட்டார். வி.ஜே. (‘வீடியோ ஜோக்கர்’) எம்மி படம் நெடுகக் கேலி பேசிக் குரல் கொடுத்த பிரதி மட்டுமே இன்று மிஞ்சியிருக்கிறது.

கொத்தனார்: அதை முழுவதுமாகப் பார்த்தேன். அலெக்ஸைக் கொன்றது யார் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே! அதையும் இடம் போதாமல் அழித்துவிட்டார்களா?

துணை நடிகர்: கொல்வது என் வேலை இல்லை, ஐயா, சாவதுதான். மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் ஆணுறையில் சாயத் தண்ணீரை நிரப்பிச் சட்டைக்குள் வைப்பார்கள். மறைவிலிருந்து ஒருவர் நூலைச் சுண்டியதும் ரத்தம் பீறிடும். முன்பு மாட்டு ரத்தத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு நோய் கண்ட பிறகு விட்டுவிட்டார்கள்.

கொத்தனார்: ஆணுறையால் இப்படியொரு பயன் உண்டென்று எங்கள் காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. அது கிடக்கட்டும், குழாயை எடுத்துப் போனது யார்?

துணை நடிகர்: (பையை மெதுவாகக் கீழே வைத்து) இந்தக் கதையையும் அதைச் சொல்லாமலே முடித்துக்கொள்ளலாமா, ஐயா?

கொத்தனார்: முடியாது. இரண்டு வருட வாடகையை எண்ணி வை.

துணை நடிகர்: எனக்கே சம்பளம் கிடையாது, விற்கிற டிவிடியில் ஒரு பங்குதான், அதையும் கள்ளப் பிரதி வருவதற்குள் வீடு வீடாக ஏறி விற்றாக வேண்டும். வாடகைக்குப் பதிலாக, அடுத்த படத்தில் உங்களுக்குச் சாகிற வேடம் ஒன்று வாங்கித் தருகிறேன்.

கொத்தனார்: (சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி) என்னை என் குழாயால்தான் சுட வேண்டும்.

துணை நடிகர்: தாராளமாக! அப்படியே கீழே விழுந்து அசையாமல் கிடந்தால் போதும்.

கொத்தனார்: எப்படி அசையாமல் கிடப்பது? குழாயை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாமா?