டம்மி அவுட்புட்டாம், டம்மி அவுட்புட்!

லினக்ஸ் கணினியில் சத்தம் வராமல் போவதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கருவி என்றால் பழுதாகும், பழுதானால் சரிசெய்துகொள்ளலாம். என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்காக. சத்தம் வரவில்லை என்பதைக் கணினி ஒப்புக்கொள்வதே இல்லை! பாட்டை ஓடவிட்டால் ஓடுகிறது. நொடிகள் நகர்கின்றன. ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பச்சைப் பட்டை தாளம் தப்பாமல் துள்ளுகிறது. ஒலியளவு நூறு சதவீதம் என்கிறது. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டாலும் ஒரு முனகல்கூட இல்லை. எந்தக் கருவி வழியாகத்தான் ஒலி போகிறது என்று பார்த்தால், அங்கே சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது ஒரு பெயர்: டம்மி அவுட்புட்.

ஒலிச் சேவைக்கு நிஜமான சவுண்ட் கார்டு எதுவும் அகப்படாதபோது, அது தானாகவே ஒரு கற்பனைக் கருவியைப் படைத்து, வருகிற ஒலியை எல்லாம் அதற்குள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆளே இல்லாத வீட்டுக்கு நாள் தவறாமல் கடிதம் போட்டுவிட்டு ‘பட்டுவாடா ஆயிற்று’ என்று கையெழுத்திடும் தபால்காரரின் வேலை. இதற்கும் ஒரு நியாயம் இருப்பது எனக்குத் தெரியும். வீடியோ ஓட்டும் மென்பொருள்கள் பலவும் ஒலிக் கருவியின் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் படத்தை நகர்த்துகின்றன. கருவியே இல்லை என்றால் படம் அப்படியே நின்றுபோகலாம். சரி, படம் ஓடட்டும். ஆனால் ‘உங்கள் சவுண்ட் கார்டு கிடைக்கவில்லை, அதனால் சத்தம் வராது’ என்று ஒரே ஒரு வரி எழுதிக் காட்டினால் யாருடைய சொத்து குறைந்துவிடும்?

காரணம் தெரியாமல் விழித்தால்கூட மன்னித்துவிடலாம். காரணம் கணினிக்குத் தெரியும்! கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலைத் திறந்து, லினக்ஸின் உட்கருவான கெர்னலின் பதிவுகளை வாசித்தால், நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அது கிடக்கிறது: ஒலிக்கான ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் மைனஸ் 2. அந்தக் கோப்பே வட்டில் இல்லை என்பதுதான் இதன் பொருள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ஒலியைக் கையாளத் தனியாக ஒரு டிஎஸ்பி, அதாவது ஒலிக்கென்றே ஒரு செயலி, இருக்கிறது. அது இயங்குவதற்கு ‘சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்’ தொகுப்பிலிருந்து தனக்குரிய கோப்பு வேண்டும். எல்லா லினக்ஸ் வெளியீடுகளும் அதை முதல் நிறுவலிலேயே சேர்த்துத் தருவதில்லை. அந்தப் பொதியைத் தனியாக நிறுவிவிட்டு மறுதொடக்கம் செய்தால் தீர்ந்தது கதை. கோப்பின் பெயர் தெரியும், இருக்க வேண்டிய இடம் தெரியும், இல்லாததும் தெரியும். இவ்வளவும் தெரிந்த கணினி திரையில் எனக்குச் சொல்வது என்ன? டம்மி அவுட்புட்.

இதற்குத் தீர்வு தேடப் போனால் அது இன்னொரு நரகம். லினக்ஸில் ஒலி என்பது ஒருவர் கையில் இல்லை. அடியில் கெர்னலோடு சேர்ந்து, சவுண்ட் கார்டோடு நேரே பேசும் ஆல்சா. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலிலிருந்து அதுதான் அடித்தளம். அதன் மேல், மென்பொருள்களின் ஒலியை வாங்கிக் கார்டுக்கு அனுப்பும் சேவையாகப் பல்ஸ்ஆடியோ வந்து உட்கார்ந்தது. 2007-இல் ஃபெடோரா 8, 2008-இல் உபுண்டு 8.04 என்று லினக்ஸ் வெளியிடுவோர் வரிசையாக எல்லோரும் அதற்கு மாறினார்கள். பிறகு அதன் இடத்துக்குப் பைப்வயர். 2021-இல் ஃபெடோரா 34, அடுத்த ஆண்டு உபுண்டு 22.10. பைப்வயருக்கு எதை எதோடு இணைப்பது என்று தீர்மானிக்க வயர்பிளம்பர் என்று தனியாக ஒரு மேலாளர். பைப்வயர் நல்ல வேலைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பழைய மென்பொருள்களுக்காகப் பல்ஸ்ஆடியோவின் வேடத்தையும் போட்டுக்கொள்கிறது. ‘நீ யார்?’ என்று கட்டளை வழியாகக் கேட்டால், ‘பைப்வயரின் மேல் பல்ஸ்ஆடியோ’ என்று பதில் வருகிறது. புதிதாக வந்தவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார், பாவம்?

அவர் இணையத்தில் தேடுவார். அங்கே பல்ஸ்ஆடியோ காலத்து வைத்தியம் இன்னும் முதல் வரிசையில் நிற்கிறது. பல்ஸ்ஆடியோவை நிறுத்திவிட்டு மறுபடி எழுப்பு என்பார்கள். நிறுத்தினால், அப்படி ஒன்று ஓடவே இல்லை என்று கணினி கையை விரிக்கும். அடுத்த அறிவுரை, அதை வேரோடு நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவு என்பது. நீக்கப் போனால் அதைச் சார்ந்திருக்கும் மற்ற பொதிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறேன் என்று பட்டியல் நீளும். அதைப் படிக்காமல் ‘ஆம்’ சொன்னவர்களின் கண்ணீர்க் கதைகள் தனி. கண்ணில் பட்ட கட்டளைக்கெல்லாம் முன்னால், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவை ஒட்டச் சொல்லும் மகான்களும் உண்டு. இந்த ஒலிச் சேவைகள் நிர்வாகியான ரூட்டின் பெயரில் ஓடுவதில்லை ஐயா, உள்நுழைந்த பயனரின் பெயரில் ஓடுகின்றன! சிஸ்டம்கண்ட்ரோல் கட்டளைக்கு ‘யூசர்’ என்ற தெரிவைக் கொடுத்து வயர்பிளம்பரையும் பைப்வயரையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். சூடோ போட்டால் அது உங்கள் சேவையின் பக்கமே போகாது.

டெர்மினலில் ஒலியளவுகளைக் காட்டும் ஆல்சாமிக்சரைப் பற்றிப் பேசினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். திறந்தவுடன் ‘மாஸ்டர்’ என்று ஒற்றைக் கம்பம் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து, ஒலியளவு முழுதாகத்தானே இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். அது பெரும்பாலும் ஒலிச் சேவையின் கம்பம், கார்டுடையது அல்ல. எஃப்6 விசையை அழுத்தி நிஜமான கார்டைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மாஸ்டர், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று உள்வீடு முழுவதும் தெரியும். அங்கே ஸ்பீக்கர் கம்பத்தின் காலடியில் இரண்டு எம் எழுத்துகள் சின்னதாக இருக்கும். அப்படி இருந்தால் அது ஊமை. கம்பம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஊமைதான். எம் விசையைத் தட்டினால் அந்த எழுத்துகள் இரண்டு பூஜ்ஜியங்களாக மாறும், ஸ்பீக்கர் வாய் திறக்கும். இதை எந்த மனிதன் தானாகக் கண்டுபிடிப்பான்? அதே வரிசையின் கோடியில் ‘ஆட்டோ மியூட்’ என்று ஒன்று பதுங்கியிருக்கும். ஹெட்ஃபோனைச் செருகினால் ஸ்பீக்கரை அணைப்பது அதன் வேலை. செருகுதுளையின் உணரி பழுதாகிவிட்டால், ஹெட்ஃபோன் இன்னும் செருகியிருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரின் வாயைப் பொத்தியே வைத்திருக்கும். அங்கே போய் அதை முடக்க வேண்டும்.

எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரை இணைத்ததும் ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்குச் சத்தம் ஓடிப்போவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறது, மாற்றிவிடலாம். ஆனால் விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் படும் பாட்டைக் கேளுங்கள். விண்டோஸிலிருந்து மறுதொடக்கம் செய்து லினக்ஸுக்கு வந்தால் சில கணினிகளில் ஹெட்ஃபோனில் சத்தம் இருக்காது. ஒலிச் சில்லை விண்டோஸ் ஏதோ ஒரு நிலையில் விட்டுவிட்டுப் போயிருக்கும். வெறும் மறுதொடக்கத்தில் அது தெளியாது. மின்சாரத்தை முழுவதுமாக அணைத்து எழுப்பினால் ஒழுங்காகப் பாடும். அதாவது நேற்று வந்த சத்தம் இன்று வராது, நாளை வரும்.

இத்தனைக்கும் கோளாறு எந்த அடுக்கில் என்று பிரித்தறிவது அப்படி ஒன்றும் கடினம் அல்ல. ஏபிளே கட்டளையிடம் கார்டுகளைப் பட்டியலிடச் சொல்ல வேண்டும். கார்டே வரவில்லை என்றால் குறை கெர்னலிலோ டிரைவரிலோ ஃபர்ம்வேரிலோதான். மேலே எதைத் திருகியும் பயன் இல்லை. கார்டு வந்தால், ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளையால் அதற்கு நேராக ஒலியை அனுப்பிக் கேட்க வேண்டும். கேட்டால் கார்டு நலம், மேலே இருக்கும் சேவைதான் குற்றவாளி. கேட்காவிட்டால் ஆல்சாமிக்சருக்குப் போக வேண்டும். இந்தச் சோதனையை அமைப்புப் பக்கத்தில் ஒரு பொத்தானாக வைக்க என்ன தடை? அந்தப் பக்கத்திலும் ‘சோதி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. கற்பனைக் கருவிக்கு ஒலியை அனுப்பிவிட்டுச் சோதனை முடிந்ததாக அது நினைத்துக்கொள்ளும்.

‘எனக்கு வேலை செய்கிறதே’ என்று வருபவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒரே ஒலிச் சில்லை ஒவ்வொரு மடிக்கணினியிலும் ஒவ்வொரு விதமாக இணைத்துத் தொலைக்கிறார்கள். எந்த முனையில் ஸ்பீக்கர், எந்த முனையில் மைக் என்று கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் சொல்லும் தகவல் பல கணினிகளில் தவறு. விண்டோஸுக்கு மட்டும் தனி டிரைவரில் அதைச் சரிக்கட்டிக்கொண்டு, மற்றவர்கள் எப்படியோ போகட்டும் என்று தயாரிப்பாளர்கள் கையைக் கழுவிவிடுகிறார்கள். கெர்னலின் ஒலி டிரைவரைத் திறந்து பாருங்கள்: இந்த மாடலுக்கு இந்தத் திருத்தம், அந்த மாடலுக்கு அந்தத் திருத்தம் என்று போய்க்கொண்டே இருக்கும் பட்டியல். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் தூக்கம் கெட்டு உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார். அவர்கள் காலில் விழுந்து கும்பிடலாம். விற்றுக் காசு பார்த்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

பட்டியலில் உங்கள் மாடல் இல்லையா? பிழை அறிக்கை எழுதுங்கள். நானும் எழுதினேன். கெர்னல் பதிப்பு, சில்லின் பெயர், முனைகளின் விவரம், மிக்சர் நிலை என்று ஆல்சா தகவல் கருவி கக்கிய அத்தனையையும் இணைத்தேன். ஆள் அரவமே இல்லை. பிறகு அந்த வெளியீட்டின் ஆதரவுக் காலம் முடிந்ததும் ஒரு தானியங்கி வந்தது. இந்தப் பதிப்பு காலாவதியாகிவிட்டதால் அறிக்கையை மூடுகிறோம், புதிய பதிப்பிலும் பிழை இருந்தால் தெரிவியுங்கள் என்று பணிவாக எழுதிவிட்டுப் போனது. இருக்கிறது ஐயா, இருக்கிறது! ஒரு மனிதராவது வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே.