கறுப்பின லாயலிஸ்ட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்

அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டன் பக்கம் நின்றவர்கள் லாயலிஸ்ட்கள். புரட்சிக்குப் பின் இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவுக்கு வந்த லாயலிஸ்ட் குடும்பங்களை நிலம் பெற்ற வெள்ளையர்களாகவே உங்கள் கட்டுரை காட்டுகிறது. பாஸ்டன் கிங் பற்றி ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த தச்சர் அவர். எஜமானரிடமிருந்து தப்பி ஓடி பிரிட்டிஷ் படையிடம் சேர்ந்து, நியூயார்க்கில் வயலெட் என்பவரை மணந்தார். 1783இல் அங்கிருந்து நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறிய கறுப்பினத்தவரின் பதிவேட்டில் அவருக்கு வயது 23, வயலெட்டுக்கு 35. இருவரும் ஷெல்பர்ன் பக்கத்திலிருந்த பர்ச்டவுனில் குடியேறினார்கள். விடுதலை கிடைத்தது, சரி. சோறு? கறுப்பினத்தவருக்கு நிலம் தாமதமாகவே வந்தது, வந்ததும் பாறை நிலம், பலருக்கு அதுவும் இல்லை. கூலியும் குறைவு. அந்தக் குறைந்த கூலியால் தங்கள் வேலை போகிறது என்று 1784 ஜூலையில் வெள்ளையின முன்னாள் படைவீரர்கள் கறுப்பினத்தவரின் வீடுகளையே இடித்துத் தள்ளினார்கள்.

அப்புறம் பஞ்சம். ஆட்கள் தெருவிலேயே விழுந்து செத்ததை கிங் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவரைக் காப்பாற்றியது கைத்தொழில்தான். சால்மன் மீன்பிடிக்குத் தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள் செய்து கொடுத்தார். முன்பணமாகச் சோளம் கிடைத்தது.

பிறகு மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகரானார். 1792 ஜனவரியில் ஹாலிஃபாக்ஸிலிருந்து 15 கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் புறப்பட்ட சுமார் 1,200 பேரில் இந்தத் தம்பதியும் உண்டு. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வயலெட் காய்ச்சலில் இறந்துபோனார்.

சுமார் 3,000 கறுப்பின லாயலிஸ்ட்கள் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்தார்கள். அடுத்த பகுதியை அவர்களைப் பற்றி எழுதுங்கள்.