பொன்குஞ்சு

எங்கள் மொட்டைமாடியில் மூன்று நாளாக ஒரு கூத்து நடக்கிறது. காலையில் வைக்கும் சோற்றைக் காகம் அலகு நிறைய அள்ளிக்கொண்டு வேப்பமரத்துக்குப் போகிறது. அங்கே கிளையில் கறுப்பாக ஒரு குஞ்சு, சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு வாயை அகலப் பிளக்கிறது. வால் மட்டும் காகத்துக்கு உரியதாக இல்லை, நீளம். குயில் குஞ்சு. காகம் அதன் தொண்டைக்குள் அலகை விட்டு ஊட்டிவிட்டு, அடுத்த கவளத்துக்குத் திரும்புகிறது.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு இரண்டு தீர்ப்பு சொன்னார்: குயில் பாசமில்லாத பிறவி, காகம் ஏமாளி. அன்னையர் தினத்துக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் ஏறக்குறைய இதுதான். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

குயிலைச் சோம்பேறி என்பவர்கள் அதன் வேலையைப் பார்த்ததில்லை. காலிக் கூட்டில் அது பெரும்பாலும் முட்டையிடாது. காகம் முட்டையிடத் தொடங்கிய ஓரிரு நாளுக்குள், கூட்டுக்காரி அசந்த நேரம் பார்த்துத் தன் முட்டையைச் சேர்க்க வேண்டும். அது 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். காகக் குஞ்சுகள் வெளிவர இன்னும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முந்திக்கொண்டவனுக்கு முதல் கவளம். வளர்ந்த பெண் குயில் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்பு நிறம். ஆனால் கூட்டில் இருக்கும்வரை பெண் குஞ்சும் பெரும்பாலும் கறுப்புதான். தொடக்கத்தில் காகக் குஞ்சைப் போலவே கத்தவும் செய்கிறது. எந்தக் குயிலும் உட்கார்ந்து போட்ட திட்டம் இல்லை இது. சற்று முந்திப் பொரிந்தவையும் சற்றுக் கறுத்தவையும் பிழைத்தன, மற்றவை கூட்டிலேயே மாண்டன. இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கழிந்து மிஞ்சியது.

சரி, காகம்? மனித முகத்தையே ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருக்கும் என்று அமெரிக்கக் காகங்களிடம் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவு கெட்டிக்காரப் பறவை ஏன் இதில் கோட்டை விடுகிறது? ஐரோப்பாவில் குயில் குஞ்சு பிறந்த கையோடு மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளிவிடும். 1788-ல் அதை விவரித்து எழுதியவர் எட்வர்ட் ஜென்னர். பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசி தந்த அதே மருத்துவர். அங்கே ஏமாந்தவருக்குக் குடும்பமே காலி. நம் ஊர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படித் தள்ளுவதில்லை. காகத்தின் பிள்ளைகளும் ஒன்றிரண்டு தேறுகின்றன. சந்தேகத்தில் சொந்த முட்டையை உடைத்துக்கொள்வதைவிட, பிளந்த வாய்க்கெல்லாம் ஊட்டுவது காகத்துக்கு நட்டம் குறைந்த வியாபாரம் என்பது என் கணக்கு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிறோம். எது தன் குஞ்சு என்று காக்கை கேட்டதாகத் தெரியவில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. பாடகிகளைக் குயில் என்று புகழ்கிறோமே, கூவென்று கூவுவது ஆண் குயில். பெண்ணுக்கு வாய்த்தது 'கிக் கிக்' என்ற கத்தல்தான். அக்காவிடம் சொன்னேன், நம்பவில்லை.

இன்று சோறு வைக்க நேரமாகிவிட்டது. காகம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கத்தியது. பின்னால் வேப்பமரத்திலிருந்து குஞ்சு அதைப் பார்த்துக் கத்தியது.